எல்லார் முன்னாலும் திருத்தியது பற்றி

பிரதர், கோத்தகிரி ஜெபக் கூட்டத்தில் தேயிலை பறிக்கும் அக்கா சங்கீதம் 121ஐ வாசித்து, மலையிலிருந்துதான் ஒத்தாசை வரும் என்றார், இறையியல் படித்த நான் எல்லார் முன்னாலும் திருத்தினேன், இப்போது யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்கிறீர்கள். உங்கள் விளக்கம் சரிதான், ஒத்தாசை கர்த்தரிடத்திலிருந்து என்று 2ஆம் வசனமே சொல்கிறது. ஆனால் புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் 18ஐப் பாருங்கள்: அப்பொல்லோ வேதத்தில் வல்லவர், ஆனாலும் யோவான் ஸ்நானகன் கொடுத்த ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்தவர், கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரை ஜெப ஆலயத்தில் மடக்காமல், தங்களோடு சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விவரித்தார்கள், அப்புறம்தான் அவர் கிரேக்க நாட்டுப் பகுதியான அகாயாவுக்குப் போய் விசுவாசிகளுக்குப் பெரிய உதவியாக இருந்தார். (படித்தவர் கற்றுக்கொண்டது யாரிடம் என்று கவனியுங்கள்!) ஞாயிறு மத்தியானம் அக்காவின் எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். அந்தச் சங்கீதம் அவருக்கு எப்போது கைகொடுத்தது என்றும் கேளுங்கள், குறுக்கே பேசாமல்.