கொல்லைக்கு வரும் தேன்சிட்டு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் கொல்லைக்குத் தேன்சிட்டு, சின்னான், தவிட்டுக் குருவி எல்லாம் தினமும் வருகின்றன. என்னிடம் இருப்பது 55-250 மி.மீ. லென்ஸ். ஊதாத் தேன்சிட்டை எடுத்தால் கறுப்பாக, சின்னதாக விழுகிறது. 600 மி.மீ. லென்ஸ் வாங்கலாமா? இன்னொன்று, எலுமிச்சை மரத்தில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. மறைக்கும் இரண்டு கிளைகளை மட்டும் வெட்டிவிட்டுப் படம் எடுக்கலாமா?

க., கும்பகோணம்

அன்புள்ள க.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வெட்டாதீர்கள். கிளை போனால் குஞ்சுகள் மேல் வெயில் நேராக விழும். காக்கை, வால்காக்கை, செண்பகம் எல்லாவற்றின் கண்ணிலும் கூடு படும். தேன்சிட்டு சிலந்தி நூலால் கூட்டைப் பின்னி, வெளியே பட்டைத் துணுக்கு, சருகு, புழு எச்சம் என்று ஒட்டவைத்து, ஏதோ குப்பை தொங்குகிறது என்று நாம் நினைக்கும்படி கட்டுகிறது. அவ்வளவு பாடுபட்டு ஒளித்ததை நாம் போய்த் திறந்துவைப்பதா? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, கூட்டைத் தொந்தரவு செய்வதும் வேட்டைதான். கூட்டுப் படங்களுக்கு லைக் குவியும், தெரியும். நான் அவற்றைப் பார்க்காமலே தள்ளிவிடுகிற ஆள். தாய்க்குருவி வாயில் பூச்சியோடு வந்து, கூட்டுக்குள் போகாமல் பக்கத்துக் கிளையிலேயே கத்திக்கொண்டிருந்தால், நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே நகர்ந்துவிடுங்கள்.

சரி, லென்ஸ். இப்போது வாங்க வேண்டாம். குருவி கறுப்பாக விழுவதற்கு லென்ஸ் காரணமில்லை. ஆண் தேன்சிட்டின் மினுமினுப்பு சாயத்தால் வருவதல்ல; இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் ஊதாவும் நீலமும் தகதகக்கும். எதிர்வெயிலிலோ நிழலிலோ எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸ் வைத்தாலும் கறுப்புதான். அப்புறம், இனப்பெருக்கக் காலம் முடிந்தால் ஆண் தன் பளபளப்பை இழந்து, அடிப்பக்கம் மஞ்சளாகி, நெஞ்சு நடுவில் ஒரு கருங்கோட்டோடு திரியும். அதற்கும் கேமராவைத் திட்ட வேண்டாம்.

சின்னதாக விழாமலிருக்க வழி, குருவியைக் கிட்டே வரவைப்பது. பத்து சென்டிமீட்டர் உயிர் அது. உங்கள் லென்ஸுக்கு மூன்று, நான்கு மீட்டர் தூரத்தில் வந்தால் போதும். ஆழமில்லாத மண் தட்டில் இரண்டு விரற்கடை தண்ணீர் வையுங்கள், தினமும் மாற்றுங்கள். பக்கத்தில் ஒரு காய்ந்த குச்சியை நட்டுவையுங்கள். பெரும்பாலான பறவைகள் நேராகத் தண்ணீரில் இறங்காது. முதலில் பக்கத்தில் எதிலாவது உட்கார்ந்து நோட்டம் பார்க்கும். உங்கள் படம் அந்தக் குச்சியில்தான். பின்னால் செடிகள் தள்ளி இருந்தால் பின்னணி தானாகக் கலங்கிவிடும். சமையலறை ஜன்னலை விட நல்ல மறைவிடம் கிடையாது. ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறைய வேண்டாம், ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, தாராளமாக ஏற்றுங்கள். படத்தில் புள்ளிப் புள்ளியாகப் பொரி இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், ஆட்டத்தைப் பொறுக்க முடியாது. கறுப்பும் வெள்ளையுமான குண்டுகரிச்சான் வந்தால் மட்டும் எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) கொஞ்சம் குறையுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை வெளிறிப்போகும்.

செல்போனில் பறவையின் குரலைப் போட்டுக் கூப்பிடும் வித்தை வேண்டவே வேண்டாம். எதிராளி வந்துவிட்டான் என்று ஆண்குருவி இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும்.

ஜனவரியில் பொங்கலையொட்டிப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். கொல்லையில் 15 நிமிடம் உட்கார்ந்து, பார்த்ததை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றினால் போதும். படம் மங்கலாக இருந்தாலும், இனம் தெரிந்தால் அதையும் சேர்த்து ஏற்றலாம்.