இட்லிப்பூ ஏன் கணக்குல ஃபெயிலாச்சு?

கேள்வி: எம் பொண்ணு ஏழாவது படிக்கிறா. பூவோட இதழ் எப்பவும் ஃபிபோனாச்சி நம்பர்ல தான் இருக்கும்னு சொல்லி ஸ்கூல்ல ப்ராஜெக்ட் குடுத்தாங்க. செம்பருத்திக்கு அஞ்சு, சரியா வந்துச்சு. வாசல்ல இருக்கற இட்லிப்பூவுக்கு நாலு தான் வருது, அப்படியே எழுதிட்டா, தப்புன்னு சுழிச்சுட்டாங்க. யார் சார் தப்பு? (ஒரு அம்மா, திருநெல்வேலி)

பதில்: பூ மேலயும் தப்பில்ல, பொண்ணு மேலயும் தப்பில்லம்மா. முன்னாடி இருக்கற ரெண்டைக் கூட்டினா அடுத்தது, 1, 1, 2, 3, 5, 8, 13, 21னு போறது தான் அந்த வரிசை, அதுல நாலு கிடையாது. ஆனா கடுகுப்பூவுக்கு நாலு இதழ், முள்ளங்கிப்பூவுக்கும் நாலு. "எப்பவும்"ங்கற அந்த ஒரு வார்த்தையில தான் வம்பே.

நிஜமாவே இது அசத்தற இடம் வேற. அடுத்த தடவை அன்னாசிப்பழம் வாங்கினா வெட்டறதுக்கு முன்னாடி ஸ்கெட்ச் பென் எடுத்து, ஒரு கண்ணுல ஆரம்பிச்சு சாய்வா அடுத்த கண்ணு, அடுத்த கண்ணுன்னு கோடு இழுத்துட்டே மேல போங்க, அது முடிஞ்சதும் பக்கத்துக் கண்ணுல அடுத்த கோடு. ஒரு பக்கச் சாய்வுல பெரும்பாலும் 8 கோடு வரும், எதிர்ப்பக்கம் 13. நான் எண்ணும்போது ரெண்டு தடவை எங்க ஆரம்பிச்சேன்னே மறந்துட்டேன், அப்புறம் முதல் கோட்டுக்கு மட்டும் சிவப்பு மை. தள்ளுவண்டிக்காரர் கண்ணை எடுக்கறதுக்கு சாய்வா பள்ளம் பள்ளமா சீவறாரே, அவர் கத்தி போறதும் இதே பாதை தான். சூரியகாந்தியில விதைங்க நிக்கற சுருளை ரெண்டு பக்கமும் எண்ணினா பெரும்பாலும் 34ம் 55ம், பூ பெருசா இருந்தா 55ம் 89ம்.

செடி கணக்குப் போடுதான்னா, இல்ல. நுனியில புதுசா ஒண்ணு முளைக்கும்போது, ஏற்கனவே முளைச்சதுங்க விட்டு வச்ச காலி இடம் எங்க அதிகமோ அங்க முளைக்குது, பஸ்ல நாம உக்கார இடம் தேடற மாதிரி தான். அப்படியே போகப் போக ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கோணம் சுமார் 137.5 டிகிரியில வந்து நின்னுடும். அதுவே 90 டிகிரின்னு வைங்க, அஞ்சாவது முதலாவதுக்கு நேரா வந்துடும், மொத்தமும் நாலே கோட்டுல நிக்கும், நடுவுல இடமெல்லாம் வீண். 1992ல தூவாதி, கூதேர்னு ரெண்டு ஃபிரெஞ்சு இயற்பியல்காரங்க, ஒரு தட்டுல எண்ணெய் ஊத்தி நடுவுல காந்தத்துக்கு இழுபடற திரவத்தை சொட்டுச் சொட்டா விட்டாங்க, சொட்டுங்க ஒண்ணையொண்ணு தள்ளி ஓரத்துக்குப் போச்சு. சொட்டு வேகமா விழ ஆரம்பிச்சதும் இதே சுருள்! அங்க செடியும் இல்ல, ஜீனும் இல்ல.

கேள்வி: நாட்டிலஸ் சங்கு, ஏ4 பேப்பர் எல்லாமே கோல்டன் ரேஷியோன்னு ஃபார்வர்டு வருதே? (ஒரு டிசைன் ஸ்டூடண்ட், கோவை)

பதில்: ஸ்கேல் இருக்குல்ல, அளந்து பாருங்க தம்பி. ஏ4 297க்கு 210 மில்லிமீட்டர், வகுத்தா 1.414, அதாவது ரூட் 2. பாதியா மடிச்சாலும் அதே ஷேப் வரணும்னு வச்ச அளவு அது. கோல்டன் ரேஷியோங்கறது 1.618, பெரிய ஃபிபோனாச்சி நம்பரை அதுக்கு முந்தினதால வகுத்தா கிட்டத்தட்ட வர்றது, அது இது இல்ல. நாட்டிலஸ் ஒரு முழு சுத்துக்கு சுமார் மூணு மடங்கு தான் விரியும், கோல்டன் ஸ்பைரல்னா கிட்டத்தட்ட ஏழு மடங்கு விரியணும். சுருளா இருக்கறதெல்லாம் கோல்டன் ஆயிடாது.

கேள்வி: ஃபிபோனாச்சி வரிசையைக் கண்டுபிடிச்சது இத்தாலிக்காரரா, நம்ம ஆளுங்களா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பீசா ஊர் லியோனார்டோ, அவரைத் தான் ஃபிபோனாச்சிங்கறோம், 1202ல முயல் குட்டி போடற கணக்கா எழுதினார். அதுக்கு முன்னாடியே, 12ஆம் நூற்றாண்டுல குஜராத்துல ஹேமச்சந்திரர்ங்கற சமண அறிஞர் இதே வரிசையை எழுதிட்டார், அவருக்கும் முன்னாடி விரஹாங்கர். அவங்களுக்கு முயலும் வேணாம் பூவும் வேணாம், யாப்புக் கணக்கு தான். நம்ம குறில், நெடில் மாதிரி ஒரு மாத்திரை அசை, ரெண்டு மாத்திரை அசை, இதை வச்சு நாலு மாத்திரை அடியை எத்தனை விதமா கட்டலாம்? 2+2, 2+1+1, 1+2+1, 1+1+2, 1+1+1+1, ஆக அஞ்சு. அஞ்சு மாத்திரைக்கு எட்டு வரும், ஏன்னா கடைசி அசை ஒண்ணா இருந்தா முன்னாடி நாலு மாத்திரை, ரெண்டா இருந்தா மூணு மாத்திரை; நாலுக்கு அஞ்சு விதம், மூணுக்கு மூணு விதம், அந்த அஞ்சையும் இந்த மூணையும் கூட்டிக்க வேண்டியது தான்.