ஃபெரிட்டின் பரிசோதனை இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. பீட்டா தலசீமியா மேஜர் (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய்). ஒரு வயதிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். இரும்பைக் குறைக்க டெஃபெராசிராக்ஸ் மாத்திரை சாப்பிடுகிறாள். போன வருஷம் ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 1,600. சென்ற மாதம் காய்ச்சலோடு இருந்தபோது எடுத்ததில் 2,900. இப்போது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். ரத்தப் பரிசோதனை போதாதா? கதிர்வீச்சை நினைத்தால் பயமாக இருக்கிறது. கீரை, பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன்.
- வாசகி, தர்மபுரி

பதில்: முதலில் கீரையைத் திரும்பக் கொடுங்கள் அம்மா. ஏற்றுகிற ஒவ்வொரு யூனிட் ரத்தத்தோடும் 200 முதல் 250 மி.கி. இரும்பு உள்ளே போகிறது. உடல் தானாக வெளியேற்றுவது நாளைக்கு 1, 2 மி.கி.தான். இந்தக் கணக்கில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை எந்த மூலைக்கு? இரும்புச் சத்து டானிக், மாத்திரை மட்டும் கூடவே கூடாது. வளர்கிற பெண், வயிறார சாப்பிடட்டும்.

இனி ஃபெரிட்டின். காய்ச்சல், கிருமித் தொற்று, கல்லீரல் அழற்சி எது வந்தாலும் அது எகிறும். எனவே காய்ச்சலில் வந்த 2,900-ஐ அப்படியே நம்ப வேண்டாம். உடம்பு தேறிச் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். பல மாதங்களாக எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கத்தான் ஃபெரிட்டின் உதவும். இரும்பு எந்த உறுப்பில் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. ஃபெரிட்டின் சுமாராக இருந்தும் இதயத்தில் இரும்பு ஏறியவர்கள் உண்டு.

அதைச் சொல்வதுதான் எம்.ஆர்.ஐ. இதில் எக்ஸ்ரே கிடையாது, வெறும் காந்தப்புலமும் ரேடியோ அலையும்தான். திசுவில் இரும்பு சேர்ந்தால் அங்கிருந்து வரும் சிக்னல் சீக்கிரம் மங்கிப்போகும், படத்தில் அந்த இடம் கறுக்கும். மங்க எடுக்கும் நேரத்தை மில்லிசெகண்டில் அளந்தால் இரும்பின் அளவு கிடைக்கும். இந்த அளவீட்டுக்கு டி2 ஸ்டார் என்று பெயர். முன்பு இதற்காகக் கல்லீரலில் ஊசி குத்தி பயாப்ஸி எடுத்தார்கள். ரத்தக்கசிவு பயம் ஒருபக்கம், ஊசி எடுத்த துணுக்கு மொத்தக் கல்லீரலையும் காட்டுமா என்ற சந்தேகம் இன்னொரு பக்கம். இரும்பை அளக்க மட்டும் இன்று அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

கல்லீரல் அளவு, ஒரு கிராம் உலர்திசுவுக்கு இத்தனை மி.கி. என்று வரும். சாதாரணமாக 1.8-க்குள் இருக்கும். 7-ஐத் தாண்டினால் சிகிச்சையை முடுக்க வேண்டும், 15-க்கு மேல் போனால் ஆபத்து. இதயத்துக்கு மங்கும் நேரத்தையே எண்ணாகத் தருவார்கள்; இரும்பு கூடினால் எண் குறையும், அதனால் கணக்கு தலைகீழ்: 20 மில்லிசெகண்டுக்கு மேல் இருந்தால் நல்லது, 10-க்குக் கீழே போனால் இதயம் செயலிழக்கும் அபாயம் அதிகம். மருந்து கொடுத்தால் கல்லீரல் முன்னால் சுத்தமாகும், இதயம் மெதுவாகத்தான் வழிக்கு வரும். அதனால் ஒன்று நன்றாக இருப்பதைப் பார்த்து இன்னொன்றும் நன்றாக இருக்கும் என்று நினைக்க முடியாது. இரண்டையும் ஒரே தடவையில் எடுக்கக் கேளுங்கள். இதயத்தில் இரும்பு இருந்தால் டெஃபெரிப்ரோன் என்ற இன்னொரு இரும்பு நீக்கும் மருந்தைச் சேர்ப்பது போன்ற மாற்றங்களை உங்கள் டாக்டர் யோசிப்பார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எம்.ஆர்.ஐ. மெஷின் உள்ள எல்லா இடத்திலும் இந்த அளவீடு கிடையாது. சும்மா வயிற்று எம்.ஆர்.ஐ. எடுத்து, 'கல்லீரல் கறுப்பாகத் தெரிகிறது' என்று எழுதிக் கொடுத்தால் காசு தண்டம். 'டி2 ஸ்டார் செய்து எண்ணாகத் தருவீர்களா?' என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டும் முடிந்தவரை அதே சென்டரில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

இரும்பை அளக்கக் கான்ட்ராஸ்ட் ஊசி (படத்தைத் தெளிவாக்கப் போடும் மருந்து) தேவையில்லை. கொலுசு, தோடு, தாயத்து, ஹேர்பின் எல்லாம் கழற்றிவிட வேண்டும். நெஞ்சில் போர்ட் (ரத்தம், மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பொருத்தும் சிறு கருவி) வைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சத்தம் பலமாக இருக்கும், காதுக்கு அடைப்பு தருவார்கள். மூச்சை 10, 15 விநாடி பிடிக்கச் சொல்வார்கள். வீட்டில் நாலு நாள் பழக்கிவிட்டால் 12 வயதுப் பெண்ணுக்கு மயக்க மருந்து பெரும்பாலும் வேண்டியிருக்காது.

அப்புறம், இந்த ஸ்கேன் இரும்பைச் சொல்லுமே தவிர, கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று சொல்லாது. தழும்பைப் பார்க்கும் எம்.ஆர். எலாஸ்டோகிராபி, இரும்பு மிக அதிகமாக இருந்தால் சிக்னலே கிடைக்காமல் தோற்றுப்போகலாம். அப்போது அல்ட்ராசவுண்டில் இயங்கும் ஃபைப்ரோஸ்கேன் கைகொடுக்கும். இத்தனை வருஷம் ரத்தம் ஏற்றியிருப்பதால் ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனை கடைசியாக எப்போது செய்தார்கள் என்றும் கேளுங்கள்.