உருளைக்கிழங்கு மசாலா சாண்ட்விச்: வெண்ணெய் குறைச்சா ஏன் நமத்துப் போகுது?

சின்ன வயசுல கும்பகோணம் பேக்கரியில சாப்பிட்ட மசாலா சாண்ட்விச்சை ராத்திரிக்கு வெண்ணெய் இல்லாம செஞ்சா நடுவுல கொழகொழன்னு ஆயிடுதுன்னு கேட்டிருக்கீங்க. வெண்ணெய் ருசிக்கு மட்டும் இல்லைங்க, மசாலா ஈரம் ரொட்டியில இறங்காம தடுக்குறதும் அதுதான். அதைக் குறைச்சா ஈரத்தையும் குறைக்கணும்.

நாலு ஸ்லைஸுக்கு மொந்தன் வாழைக்காய் பாதி, சின்ன உருளைக்கிழங்கு ஒண்ணு. உருளையை விட வாழைக்காயில ஈரப்பசை கம்மி, அதுக்காகத்தான். தோலோட வேகவைங்க, நறுக்கி வேகவச்சா தண்ணி குடிச்சிடும். ஒரு டீஸ்பூன் எண்ணெயில கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள்தூள் தாளிச்சு, மசிச்சதைப் போட்டு சட்டியில ஒட்டாம உருண்டு வர்ற வரைக்கும் கிளறுங்க. நல்லா ஆறட்டும். சூட்டோட வச்சா ஆவியே ரொட்டியை நனைச்சிடும், பாதிப் பேர் கெடுக்குறது இங்கதான். கேரட், கோஸ் வேணும்னா துருவி, உப்புப் பிசறிப் பிழிஞ்சு கடைசியா சேருங்க.

உள்பக்கம் தடவ கொத்தமல்லிச் சட்னி. பொட்டுக்கடலை ரெண்டு டீஸ்பூன் சேர்த்துக் கெட்டியா அரைங்க. துணியில வடிகட்டாத தயிர் வேண்டவே வேண்டாம்.

முந்தின நாள் வாங்கின ரொட்டிதான் சரி. எண்ணெயைத் தவாவுல ஊத்தாம, சாண்ட்விச்சோட வெளிப்பக்கம் ஒவ்வொண்ணுக்கும் கால் டீஸ்பூன் தடவி, சின்னத் தீயில 3 நிமிஷம் வச்சுத் திருப்புங்க. எடுத்ததும் தட்டுல படுக்கப் போடாதீங்க, கம்பி வலையில வைங்க. ரெண்டு சாண்ட்விச்சுக்கும் சேர்த்து எண்ணெய் 2 டீஸ்பூன், சுமார் 80 கலோரி. வெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூனே 100 வரும்.