கொரோனா சமயத்துல தரையில ஏன் வட்டம் போட்டாங்க? "தள்ளி நில்லுங்க"ன்னு போர்டு வெச்சா பத்தாதா?

பத்தாதுங்க. 2020ல கடை வாசல்ல, லிஃப்ட்டுக்குள்ள பாத்த அந்த வட்டமெல்லாம் படிக்காமலே புரியுற அறிவிப்பு, அவ்ளோதான். போர்டுன்னா முதல்ல அந்த பாஷை தெரியணும், அப்புறம் 1 மீட்டர்னா எவ்ளோன்னு கண்ணாலயே அளக்கணும், க்யூல நிக்கிறப்ப யாரு இதெல்லாம் பண்ணுவா? கால் வைக்க வட்டம் இருந்தா தானா போய் நின்னுடுவோம், பார்க்கிங்ல போட்ட வெள்ளைக் கோடு மாதிரி, யாரும் சொல்லலைன்னாலும் வண்டி அதுக்குள்ளதான் போகும். (வட்டத்துல பையை வெச்சுட்டு நிழல்ல கூட்டமா நின்னவங்க கதை வேற.) உலக சுகாதார அமைப்பு 1 மீட்டர், ஜெர்மனியில 1.5, பிரிட்டன்ல 2ன்னு சொன்னதால இடைவெளியும் நாட்டுக்கு நாடு மாறுச்சு.

வட்டத்துக்குள்ள நின்னா கிருமி வராதுன்னு நினைக்காதீங்க, காத்தோட்டம் இல்லாத ரூம்ல நுண்ணிய துளிங்க மிதந்து அதையும் தாண்டி வரும்.