தீம் பார்க்கில் பை காப்பவர்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

கோடை விடுமுறை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், தீம் பார்க்குகளில் மதியத்துக்கு மேல் மொத்தக் கூட்டமும் தண்ணீர்ப் பக்கம் போய்விடுகிறது, மற்ற ரைடுகள் காற்று வாங்குகின்றன என்று ஒரு வரி வருகிறது. மே மாதம் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பூங்காவில் நாங்கள் கண்டதும் அதுதான். வேவ் பூலில், அதாவது செயற்கை அலையடிக்கும் குளத்தில், கால் வைக்க இடமில்லை. ஒரு ஸ்லைடுக்கு முக்கால் மணி நேரம் க்யூவில் நின்றோம். பத்தடி தள்ளி ராட்டினங்கள் ஆளில்லாமல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

நம் ஊர் வெயிலுக்கு ரோலர் கோஸ்டரெல்லாம் எதற்கு, இருக்கிற இடத்திலெல்லாம் வாட்டர் ரைடு கட்டிவிட்டுப் போகலாமே என்பது என் கட்சி. என் கணவர் நேர் எதிர்க்கட்சி. 2019இல் வேளச்சேரியில் குடியிருந்தவர். குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடியதை இன்னும் சொல்லிக் காட்டுவார். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்த ஊரில் கும்மாளத்துக்கு இவ்வளவு தண்ணீரா, இருப்பதையே மூடவேண்டும் என்கிறார். கார் ஈரோடு வந்து சேரும்வரை இதே சண்டை. மாமியார் மட்டும் வாயே திறக்கவில்லை. அவர் காலையிலிருந்து லாக்கர் பக்கத்துப் பெஞ்சில் எங்கள் பைகளோடு உட்கார்ந்திருந்த களைப்பில் இருந்தார்.

யார் சொல்வது சரி? காலாண்டு விடுமுறையில் பிள்ளைகள் மறுபடி போகவேண்டும் என்கிறார்கள். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

ச., ஈரோடு

*

அன்புள்ள ச.,

முதலில் உங்கள் கணவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் கேள்வியைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

வேவ் பூல் தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவதில்லை. அது மணல் வடிகட்டி வழியாகப் போய், குளோரின் ஏற்றிக்கொண்டு, அதே குளத்துக்குத் திரும்புகிறது. ஸ்லைடில் ஓடும் தண்ணீரும் கீழே விழுந்ததும் பம்ப் ஏறி மேலே போய்விடும். நஷ்டமாவது ஆவியாகப் போவதும், வெளியே தெறிப்பதும், உடம்போடும் துணியோடும் கரையேறுவதும், வடிகட்டியைக் கழுவும்போது சாக்கடைக்குப் போவதும்தான். கோடையில் திறந்த குளத்திலிருந்து நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம் உள்ள குளத்துக்கு அது 6,000 லிட்டர். மற்ற சேதாரத்துக்கு இன்னொரு 6,000 போடுங்கள். பெரிய டேங்கர் லாரி ஒன்று ஆயிற்று.

இப்போது ஷவருக்கு வாருங்கள். தண்ணீரில் ஆடிவிட்டு வெளியே வருகிறவர்கள் நல்ல தண்ணீரில் ஒரு குளியல் போடாமல் உடை மாற்றுவதில்லை. ஆளுக்கு 40 லிட்டர் என்றால், 5,000 பேர் வந்த ஞாயிற்றுக்கிழமையில் 2 லட்சம் லிட்டர். உங்கள் கணவருக்கு நினைவிருக்கும், 2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அதில் நாலு வேகன் தண்ணீர் ஒரு பூங்காவின் ஷவரில் ஒரே நாளில் போகிறது. (அந்த 5,000 பேருக்கும் அன்றைக்கு வீட்டில் குளியல் மிச்சம் என்று பூங்காக்காரர் வாதாடலாம். நானாக இருந்தால் வாதாடுவேன்.) ஆகவே பூங்காவின் தண்ணீர்ச் செலவை ஏற்றுவது கூட்டம்தான். ஸ்லைடை இரண்டு மடங்காக்கினாலும் அந்தக் கணக்கு பெரிதாக அசையாது.

அதற்காக அவர் கோபம் வீண் என்று சொல்லமாட்டேன். எத்தனை லிட்டர் என்பதைவிட, யாருடைய கிணற்றிலிருந்து என்று கேட்டால் அது சரியான இடத்தில் போய் விழும். சென்னையைச் சுற்றி நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்த 1987லேயே சட்டம் வந்துவிட்டது. வந்தும், பழைய மகாபலிபுரம் சாலையில் டேங்கர் லாரி ஓடாத நாள் கிடையாது. அந்த லாரிகள் பெரும்பாலும் ஏதோ ஒரு கிராமத்துக் கிணற்றிலோ போர்வெல்லிலோ நிரம்புகின்றன. கடலோரத்தில் இறைக்க இறைக்க உப்பு உள்ளே ஏறும். ஏறிய உப்பு ஒரு மழைக்கு இறங்காது. தன் நிலத்தில் பெய்கிற மழையைக் குளம் வெட்டித் தேக்கி, ஷவர் தண்ணீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் செடிகொடிக்கும் விடுகிற பூங்கா, இன்னும் ஐந்து ரைடு கட்டட்டும். பக்கத்து ஊர்த் தண்ணீரை லாரியில் வாங்கித்தான் ஓட்டவேண்டும் என்றால் ஒன்றுகூட வேண்டாம்.

இனி உங்கள் கட்சி. வெயிலுக்குத் தண்ணீர் என்பதில் யாருக்கு மறுப்பு? குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது என்று பேப்பரில் வந்த மறுநாளே பாதித் தமிழ்நாடு தோளில் துண்டோடு கிளம்புகிறது. ஆனால் எந்த வாட்டர் ரைடு என்று நீங்கள் சொல்லவில்லை. எனக்கு அங்கேதான் பேச்சு இருக்கிறது.

நீங்கள் முக்கால் மணி நேரம் காத்திருந்த ஸ்லைடையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நிற்கும் லைஃப்கார்டு ஓர் ஆளை அனுப்பினால், அவர் கீழே போய் விழுந்து, மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்தி, நழுவிய டிரவுசரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்கியபிறகுதான் அடுத்தவரை விடமுடியும். அரை நிமிஷத்துக்கு ஒருவர் என்றால் மணிக்கு 120 பேர். 5,000 பேரும் ஆளுக்கு ஒரே ஒரு தடவை சறுக்க அந்த ஸ்லைடு 40 மணி நேரத்துக்கு மேல் ஓடவேண்டும். பூங்கா திறந்திருப்பதோ ஏழெட்டு மணி நேரம். மிச்சப் பேர் எங்கே போவார்கள்? வேவ் பூலுக்குத்தான். நாலு மாடி உயரத்துக்கு, வெறுங்கால் சுட, டியூப் முழங்காலில் இடிக்க ஏறிப்போய், பதினைந்து விநாடியில் கீழே வந்துவிடுகிற சமாச்சாரம் அது. பத்து ஸ்லைடு கூடக் கட்டினால் படிக்கட்டில் நிற்கிறவர்கள் கூடுவார்கள், அவ்வளவுதான். ராஃப்ட் என்கிற வட்டமான மிதவையில் ஒன்பது பேரை உட்காரவைத்து, சுழித்தோடும் கால்வாயில் விடுகிற ரேப்பிட்ஸ் ரைடில் அதே அரை நிமிஷ இடைவெளிக்கு மணிக்கு 1,080 பேர் போய்விடலாம்.

வாட்டர் ரைடில் இரண்டு வம்சம் உண்டு. மூத்தது படகு வம்சம். 1895இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் பால் பாய்ட்டன் என்பவர் சீ லயன் பார்க்கைத் திறந்தார். அங்கே ஷூட் தி சூட்ஸ் என்று ஒன்று. தட்டையான அடியுள்ள படகு, உயரமான சரிவிலிருந்து வழுக்கி வந்து குளத்தில் இறங்கி, நாம் சின்ன வயதில் எறிந்த ஓட்டுச்சில்லு மாதிரி தண்ணீர்மேல் துள்ளிப் போகும். அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்கள் கணுக்கால் வரைக்கும் கவுனும் தலையில் தொப்பியுமாகப் பூங்காவுக்கு வந்தவர்கள். வந்த உடுப்போடு ஏறி, வந்த உடுப்போடு இறங்கினார்கள். மரக்கட்டை மாதிரிப் படகு ஓடுகிற லாக் ஃப்ளூம் 1963இல் டெக்ஸாஸில் வந்தது. முதல் ரேப்பிட்ஸ் 1980இல் ஹூஸ்டனில். நீச்சலுடை போட்டுக்கொண்டு உடம்பையே தண்ணீரில் விடுகிற வம்சம் இளையது. 1977இல் ஆர்லாண்டோவில் திறந்த வெட் அண்ட் வைல்டிலிருந்து அதைக் கணக்கிடுவது வழக்கம்.

நம்மிடம் தழைத்தது இளைய வம்சம். தாம்பரம் கிஷ்கிந்தா 1995இல் வந்தது. கொச்சியில் வீகாலாண்டு (இப்போது வொண்டர்லா) 2000இல். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் உங்களுக்கே தெரிந்திருக்கும், அதன் பேரும் புகழும் தண்ணீரால் வந்ததுதான். புதிதாக ஏதாவது சேர்க்கவேண்டும் என்றால் முதலாளியின் கை முதலில் ஸ்லைடுக்குத்தான் போகும். கண்ணாடியிழைக் குழாயை வாங்கி, ஒரே கோபுரத்தில் நாலைந்தைக் கோத்துவிடலாம். படகு ரைடுக்குக் கான்கிரீட் கால்வாய் வேண்டும், ராட்சதப் பம்ப் வேண்டும், மாதாமாதம் மின்சார பில் வேறு.

உங்கள் மாமியார் பெஞ்சில் உட்கார்ந்ததன் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சேலையோடு குளத்தில் இறங்கக்கூடாது என்ற விதியோடு எனக்குச் சண்டையில்லை. பருத்தி நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். முந்தானை ஸ்லைடின் இணைப்பில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் அந்த விதிக்குப் பின்னால் இருக்கிறவர்களைப் பாருங்கள். காஸ்ட்யூம் கவுண்ட்டரில் முட்டிவரைக்கும் வருகிற நைலான் துணியைக் கையில் வாங்கி, ஒரு தரம் விரித்துப் பார்த்து, மடித்து மருமகளிடமே கொடுத்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் பையப் பாத்துக்கறேன்" என்கிற பெண்மணி நம் எல்லாப் பூங்காவிலும் உண்டு. அவரும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வந்திருக்கிறார். பையில் ஒரு புளிசோற்றுப் பொட்டலம் இருந்தாலாவது பொழுது போகும். அதையும் வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள்!

அவருக்குத் தண்ணீர் பயமோ வெறுப்போ இல்லை. ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப்போய்ப் பாருங்கள். அதே பெண்மணி சேலைக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பரிசலில் சம்மணமிட்டு உட்காருவார். பாறை இடுக்கில் பரிசல்காரர் ஒரு சுற்று சுற்றிவிட்டு, சாரல் முகத்தில் அடிக்கும்போது முதலில் கூச்சல் போடுகிறவரும் அவராகத்தான் இருப்பார். உடை மாற்றாமல், படி ஏறாமல், பேரனை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து போகிற ஒரு படகு அந்தப் பூங்காவில் இருந்திருந்தால் நீங்கள் எல்லோரும் ஒரே ராஃப்டில் இருந்திருப்பீர்கள். கட்டலாமா என்று என்னைக் கேட்டால், கட்டட்டும். ஆனால் அடுத்து வருவது மூத்த வம்சமாக இருக்கட்டும். ஸ்லைடுகள் போதும்.

ஆனால் படகு ரைடு பார்வைக்குத்தான் சாது. ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில் ட்ரீம்வேர்ல்டு என்ற பூங்காவில் தண்டர் ரிவர் ரேப்பிட்ஸ் 1986லிருந்து ஓடிக்கொண்டிருந்தது. குடும்பத்தோடு ஏறுகிற ரைடு. 2016 அக்டோபர் 25ஆம் தேதி அதன் இரண்டு பெரிய பம்புகளில் ஒன்று நின்றுபோயிற்று. அன்றைக்கே அது முன்பும் நின்றிருக்கிறது. கால்வாயில் மட்டம் மளமளவென்று இறங்கியது. ஒரு ராஃப்ட், இறங்கும் இடத்துக்கு முன்னால் உள்ள தாங்குசட்டத்தில் தட்டி நின்றுவிட்டது. தண்ணீர் நின்றது, ராஃப்டுகளை மேலே இழுத்து வருகிற கன்வேயர் பட்டை நிற்கவில்லை. ஆறு பேர் உட்கார்ந்திருந்த அடுத்த ராஃப்டை இழுத்துக்கொண்டு வந்து நின்றதன்மேல் மோதியது. நாலு பேர் இறந்தார்கள். இரண்டு குழந்தைகள் தப்பித்தன. தண்ணீர் மட்டம் இறங்கினால் கன்வேயரைத் தானாக நிறுத்திவிடுகிற ஏற்பாடு அங்கே இல்லை. 2020இல் நிறுவனத்துக்கு 36 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது.

அதே 2016இல், ஆகஸ்டில், அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் 51 மீட்டர் உயர ஸ்லைடில் ராஃப்ட் காற்றில் எழும்பிப் பத்து வயதுப் பையன் இறந்தான். உலகத்திலேயே உயரமானது என்று பேர் வாங்கவேண்டும் என்ற வெறியில் கட்டியது அது. பிறகு இடித்துவிட்டார்கள். உயரத்தில் போட்டி போடுகிற பூங்காவுக்கு நான் என் வீட்டுப் பிள்ளைகளை அனுப்பமாட்டேன்.

நம் ஊரில் பம்ப் நிற்க பம்பே கெடவேண்டியதில்லை, கரண்ட் போனால் போதும். ஜெனரேட்டர் எடுக்கிற இடைவெளியில் படகு எங்கே நிற்கும், கன்வேயர் என்ன செய்யும், அதைப் பார்த்துப் பட்டனை அமுக்க அங்கே ஆள் நிற்கிறாரா, அவருக்கு எத்தனை நாள் பயிற்சி? புது ரைடின் திறப்பு விழா விளம்பரத்தில் இதெல்லாம் வராது. கோடைக்கு மட்டும் தினக்கூலிக்கு எடுத்த பையன் கையில் விசிலைக் கொடுத்து நிறுத்தியிருக்கிற பூங்காவில், இருக்கிற ரைடுகளே அதிகம்.

காலாண்டு விடுமுறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாரநாளில் போங்கள். பல பூங்காக்களில் தண்ணீர்ப் பகுதி காலை பதினொன்றை ஒட்டித்தான் திறக்கும். திறந்ததும் நேரே அங்கே போய்விடுங்கள், ராட்டினத்தைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் செய்வது இதற்குத் தலைகீழ். சாப்பிட்டுவிட்டுக் கூட்டம் வருவதற்குள் க்யூவும் குறைவு, தண்ணீரும் சுத்தம். குளத்துப் பக்கம் போனதும் கண்ணை எரிக்கிற மாதிரி மருந்து வாடை அடித்தால், நிறைய குளோரின் போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று எண்ணவேண்டாம். குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்தால் வருகிற வாடை அது. பிள்ளைகளை இறக்காதீர்கள். அங்கிருக்கும் ஆளிடம் இன்றைய குளோரின் அளவும், பிஎச் அளவும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) என்ன என்று கேளுங்கள். குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்), பிஎச் 7.2லிருந்து 7.8க்குள் இருக்கவேண்டும். சட்டென்று சொன்னால் இறங்கலாம். மேனேஜரைக் கூப்பிடுகிறேன் என்றால், மேனேஜர் வரும்வரை கரையிலேயே நில்லுங்கள்.

காலாண்டு விடுமுறைச் சமயத்தில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் சகஜம். மின்னல் தெரிந்தால் தண்ணீர்ப் பக்கம் எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள், மூடத்தான் வேண்டும். டிக்கெட் வாங்கும்போதே, மூடினால் பணம் திரும்ப வருமா, வேறு நாளைக்கு மாற்றித் தருவார்களா என்று உங்கள் கணவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சண்டை போட அவருக்கும் ஓர் இடம் வேண்டுமல்லவா.

அன்புடன்.