அமெரிக்க காங்கிரஸ் ஏன் வாய் திறப்பதில்லை? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்க ஜனநாயகம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்திருக்கிறேன். பல கேள்விகள் டிரம்ப் என்ற ஒரு மனிதரைச் சுற்றியே இருக்கின்றன. என் கவலை அவரைவிட, அவரைக் கேள்வி கேட்க வேண்டிய காங்கிரஸைப் பற்றியது; அதாவது செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரு அவைகள் கொண்ட அமெரிக்க நாடாளுமன்றம்.

குறைந்த ஓட்டு வாங்கியவர் அதிபராவது எப்படி? எல்லாப் பிரச்சினைக்கும் இதுதான் வேரா?

அங்கே அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலவாரியாக மொத்தம் 538 தேர்வாளர்கள். 270 பேர் கிடைத்தால் வெற்றி. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில், ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும் போய்விடுவார்கள். 2000-ல் ஃபுளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசம் புஷ்ஷை அதிபராக்கியது. 2016-ல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கும் மேல் கூடுதல் ஓட்டு வாங்கியும் தோற்றார். இதை மாற்ற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், அப்புறம் 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். இந்த முறையால் பலன் பெறும் சிறிய மாநிலங்கள் அவ்வளவு எளிதில் சம்மதிக்காது.

அநியாயமான முறைதான். ஆனால் வேர் இதுவல்ல. 2024-ல் டிரம்ப் நாடு முழுக்க அதிக ஓட்டும் வாங்கியே ஜெயித்தார்.

2021 ஜனவரி 6 கலவரம் போல இன்னொரு முறை நடக்குமா?

2020 தேர்தலில் டிரம்ப் தோற்றதை ஏற்காத அவரது ஆதரவாளர் கூட்டம் அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்ததைத்தான் உலகம் பார்த்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய வாரங்கள். தேர்தலை நடத்துவது மாநிலங்களும் அவற்றின் கீழுள்ள கவுன்ட்டிகளும் (நம் மாவட்டம் போன்றவை) தான். நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்த மத்திய ஆணையம் என்று ஒன்று இல்லை. அதனால் முடிவை மாற்றச் சொல்லும் அழுத்தம் முழுவதும் உள்ளூர் அதிகாரிகள் மேல் விழுந்தது. மிச்சிகனில் முடிவுக்குச் சான்றளிக்கும் வாரியத்தில் நான்கே பேர், கட்சிக்கு இருவர். டிரம்பின் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் சட்டப்படி சான்றளிக்க ஓட்டுப் போட்டார்; இன்னொருவர் ஒதுங்கிக்கொண்டார். அந்த ஒருவரும் ஒதுங்கியிருந்தால் சான்றே கிடைத்திருக்காது. ஜார்ஜியாவில் தேர்தல் பொறுப்பில் இருந்த பிராட் ராஃபன்ஸ்பெர்கரிடம் 11,780 ஓட்டுகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அதிபரே தொலைபேசியில் கேட்டார். அவரும் அதே கட்சிதான். மறுத்துவிட்டார்.

2022 டிசம்பரில் ஒரு நல்ல சட்டம் வந்தது. தேர்வாளர்களின் ஓட்டுகளை காங்கிரஸ் எண்ணும்போது, முன்பு ஒரு செனட்டரும் ஒரு பிரதிநிதியும் சேர்ந்தாலே ஒரு மாநிலத்தின் முடிவை எதிர்த்து விவாதம் கிளப்பலாம். இப்போது ஒவ்வொரு அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். அந்த எண்ணிக்கையில் துணை அதிபரின் வேலை வெறும் சடங்கு என்பதையும் தெளிவாக எழுதிவிட்டார்கள். ஆனால் 2025-ல் பதவியேற்ற அன்றே டிரம்ப் அந்தக் கலவர வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு கொடுத்தார். மிரட்டல் தாங்காமல் உள்ளூர்த் தேர்தல் அதிகாரிகள் பலர் வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் இடத்தில் யார் வந்து உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்தே அடுத்த முறை என்ன நடக்கும் என்பது அமையும்.

அதிபர் தப்பு செய்தால் தண்டிக்கவே முடியாதா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கு அதிகம் கோபம் வருகிறது. அந்தக் கலவரத்துக்காக டிரம்ப் மேல் காங்கிரஸ் நடத்திய பதவி நீக்க விசாரணையில், 2021 பிப்ரவரியில் செனட்டில் 57 பேர் அவர் குற்றவாளி என்றார்கள், தேவை 67. செனட்டில் அப்போது குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல் விடுவிக்க ஓட்டுப் போட்டுவிட்டு, உடனே எழுந்து கலவரத்துக்கு டிரம்ப்தான் பொறுப்பு என்றும், முன்னாள் அதிபர்களை விசாரிக்க நீதிமன்றங்கள் இருக்கின்றன என்றும் பேசினார். 2024 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில், அதிபரின் முக்கிய அரசியல் சட்ட அதிகாரங்களுக்குள் வரும் செயல்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து முழுப் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. காங்கிரஸ் நீதிமன்றத்தைக் கைகாட்டியது, நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது.

வெளிநாட்டு உதவி அமைப்பை மூட அதிபருக்கு அதிகாரம் உண்டா?

யுஎஸ்எய்டு 1961-ல் கென்னடி காலத்தில் தொடங்கியது. பின்னாளில் காங்கிரஸ் சட்டம் போட்டு அதைத் தனி அமைப்பாக அங்கீகரித்தது. அதற்கு ஒதுக்கப்பட்ட பணமும் காங்கிரஸ் ஒதுக்கியதுதான். ஒதுக்கிய நிதியை அதிபர் தன் இஷ்டத்துக்கு நிறுத்தி வைக்கக் கூடாது என்று, அதிபர் நிக்சன் அப்படிச் செய்ததைப் பார்த்து 1974-ல் தனிச் சட்டமே போட்டார்கள். அப்படியிருந்தும் 2025 தொடக்கத்தில் நிதி நிறுத்தப்பட்டது; ஊழியர்கள் அனுப்பப்பட்டார்கள். ஜூலையில்தான் காங்கிரஸ் சுமார் 900 கோடி டாலரை ரத்து செய்து ஓட்டுப் போட்டது. அதில் பெரும்பகுதி வெளிநாட்டு உதவி. ஆப்பிரிக்காவில் எச்ஐவி மருந்தை நம்பியிருந்தவர்களுக்கு முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு ஓட்டெடுத்த இந்த வரிசை மாற்றம் உயிர்ப் பிரச்சினை. கஜானா சாவி காங்கிரஸ் கையில் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. தன் சாவியைக் கேட்கக்கூட அது தயங்குவதுதான் இன்றைய நெருக்கடியின் மையம் என்று நான் நினைக்கிறேன்.

டெக்சாஸ் தொகுதி எல்லைகளை மாற்றியது ஏன் இவ்வளவு சர்ச்சை?

வழக்கமாகப் பத்தாண்டுக்கு ஒரு முறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் செய்யும் வேலை. 2025-ல் டிரம்ப் கேட்டதற்காக டெக்சாஸ் குடியரசுக் கட்சியினர் இடையிலேயே செய்தார்கள்; தங்கள் கட்சிக்கு ஐந்து இடம் கூட்டுவது நோக்கம். பதிலுக்கு கலிஃபோர்னியா நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தித் தன் எல்லைகளை மாற்றிக்கொண்டது. அவர்கள் ஆத்திரம் புரிகிறது. ஆனாலும் அங்கே சுயேச்சையான குழு வரைந்த நல்ல வரைபடம் ஓரம் கட்டப்பட்டதில் எனக்கு வருத்தம். கட்சி லாபத்துக்காக எல்லை வரைந்தால் மத்திய நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மூன்றாவது முறை டிரம்ப்?

முடியாது. 1951-ல் நிறைவேறிய 22-வது திருத்தம், யாரும் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்கிறது.

மகன் எச்-1பி விசாவில் டல்லாஸில் இருக்கிறான். 2023-ல் பேத்தி பிறந்தாள். அவள் குடியுரிமை போய்விடுமா?

பயப்படாதீர்கள். பிறப்பால் வரும் குடியுரிமையைக் கட்டுப்படுத்த டிரம்ப் போட்ட 2025 ஜனவரி ஆணை, அது வெளியாகி 30 நாள் கழித்துப் பிறக்கும் குழந்தைகளைப் பற்றியது, பேத்திக்குப் பொருந்தாது. அந்த ஆணையையும் கீழ் நீதிமன்றங்கள் தடுத்தன. அமெரிக்காவில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் 14-வது திருத்தம் 1868-ல் வந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் அமெரிக்கக் குடிமகன்தான் என்று 1898-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பேத்திக்கு அமெரிக்க பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடச் சொல்லுங்கள். அடுத்த குழந்தை பற்றி யோசிக்கிறார்கள் என்றால், அங்கே ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.